'இட் இஸ் வெல் வித் மை சோல்' நடுக்கடலில்தான் எழுதப்பட்டதா?

நான்கு மகள்கள் மூழ்கிய இடத்தைக் கப்பல் கடந்தபோது, ஹொரேஷியோ ஸ்பாஃபர்ட் தன் அறைக்குள் போய் ஒரே மூச்சில் 'என் ஆத்துமாவுக்குச் சுகமே' என்று பொருள்படும் இந்த ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலை எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தை அவர் கடந்தது உண்மை. பாடலை அங்கேயே எழுதினார் என்பதை நான் நம்பவில்லை. சபைப் பாடகர் குழுவில் பல ஆண்டுகளாக இதற்கு டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடுகிறவன் நான். அந்தப் பற்றினால் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

ஸ்பாஃபர்ட் சிகாகோவில் வழக்கறிஞர், பிரஸ்பிட்டேரியன் சபை மூப்பர், சுவிசேஷகர் மூடியின் நண்பர். 1871ஆம் ஆண்டுச் சிகாகோ பெருந்தீ விபத்து அவருடைய நில முதலீடுகளைப் பெரிதும் பாதித்தது. 1873 நவம்பரில் மனைவி அன்னாவையும் ஆனி, மேகி, பெஸ்ஸி, டனெட்டா என்ற மகள்களையும் 'வீல் டு ஹாவ்ர்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு, வேலை காரணமாகப் பின்தங்கினார். நவம்பர் 22 அதிகாலையில் அட்லாண்டிக்கில் 'லாக் எர்ன்' என்ற பாய்மரக் கப்பலுடன் மோதி, 12 நிமிடங்களில் அந்தப் பிரெஞ்சுக் கப்பல் மூழ்கியது. 226 பேர் மாண்டனர். நினைவிழந்து மிதந்துகொண்டிருந்த அன்னாவை மீட்டார்கள். கார்டிஃப் நகரிலிருந்து அவர் கொடுத்த தந்தி, "நான் மட்டும் பிழைத்தேன். என்ன செய்ய?" என்று தொடங்குகிறது.

மனைவியை அழைத்துவரப் புறப்பட்ட ஸ்பாஃபர்ட், ரேச்சல் என்ற உறவினருக்கு எழுதிய கடிதம்தான் என்னை மிகவும் உலுக்கியது. போன வியாழக்கிழமை கப்பல் மூழ்கிய இடத்தைக் கடந்தோம், அங்கே தண்ணீர் மூன்று மைல் ஆழம் என்று எழுதுகிறார். ஆனாலும் நம் செல்லங்கள் அங்கே இருப்பதாக நான் நினைக்கவில்லை, அந்த ஆட்டுக்குட்டிகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்கிறார். பெற்றவனுக்கு அந்த ஆழத்தின் அளவு மனதில் பதிந்துவிட்டிருக்கிறது, பாருங்கள்.

அன்றிரவே பாடல் பிறந்தது என்பது அவருடைய மகள் பெர்த்தா சொன்னது. விபத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். மூடியுடன் ஊழியம் செய்த பாடகர் சாங்கியோ, தான் 1876இல் சிகாகோவில் ஸ்பாஃபர்ட் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது அவர் இதை எழுதினார் என்கிறார். கையெழுத்துப் பிரதி இருப்பதும் பிரெவூர்ட் ஹவுஸ் என்ற சிகாகோ ஓட்டலின் தாளில். எனக்குச் சாங்கி சொல்வதே பொருந்துகிறது. அது பாடலின் மதிப்பைக் கூட்டுகிறது என்றே நினைக்கிறேன். துக்கத்தின் முதல் அதிர்ச்சியில் வாயிலிருந்து வருவது ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் மகள்கள் இல்லாத வீட்டில் வாழ்ந்தபின் ஒருவர் நின்று சொல்வது வேறு. வேதாகமத்தில் வரும் சூனேமியாள் என்ற பெண் தன் பிள்ளையைப் பிணமாகக் கிடத்திவிட்டு "சுகந்தான்" என்றாளே, அந்தப் பதில்தான் இதைப் பாடும்போதெல்லாம் என் காதில் விழுகிறது.

இசையமைத்தவர் பிலிப் பிளிஸ். மெட்டுக்கு அவர் அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார். பல்லவியில் பெண் குரல்கள் ஒருமுறை சொல்ல, ஆண் குரல்கள் அதையே திருப்பிச் சொல்லும். தனியாகப் பாடினால் பாதிப் பாட்டுத்தான்; பக்கத்தில் நிற்பவர் வாங்கிப் பாடியாக வேண்டும். பாடல் வெளிவந்த 1876ஆம் ஆண்டிலேயே, டிசம்பரில், ஓஹையோவின் அஷ்டபுலாவில் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்ததில் பிளிஸும் அவர் மனைவியும் இறந்தார்கள்.

ஸ்பாஃபர்டின் கதையைப் பலர் கடலோடு நிறுத்திவிடுகிறார்கள். விபத்துக்குப் பின் பிறந்த ஆண் குழந்தையும் 1880இல் காய்ச்சலில் போனது. எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்ற பேச்சு எழுந்தது. நித்திய நரகப் போதனையை ஏற்காததாலும் அவருக்குச் சபையோடு ஒட்டவில்லை. 1881இல் குடும்பமும் சில நண்பர்களுமாக எருசலேமுக்குப் போய், 'அமெரிக்கன் காலனி' என்று பின்னர் பெயர்பெற்ற கூட்டு வாழ்க்கையைத் தொடங்கி, மதம் பாராமல் ஏழைகளுக்கு உதவினார்கள். 1888இல் ஸ்பாஃபர்ட் மலேரியாவால் அங்கேயே இறந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாடலில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தன் பாவம் ஒரு பங்கு அல்ல, முழுவதும் சிலுவையில் அறையப்பட்டுவிட்டது, இனி அதைத் தான் சுமப்பதில்லை என்று நடுவில் ஒரு சரணம் வருகிறது. தண்டனை என்று பேசியவர்களுக்கு அது முன்கூட்டியே எழுதிய பதிலாகவே எனக்குப் படுகிறது. நேரமில்லை என்று ஆராதனைகளில் சில வேளை சரணங்களை விட்டுவிடுவார்கள். உங்கள் சபையில் பாடும்போது தயவுசெய்து அதை விடாதீர்கள்.