‘திடீரென்று’ வந்த புயல்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு வாடகைப் பாய்மரப் படகில் கரையோரமாக ஆறு நாள் பயணம் போனோம். நான், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன். படகு ஓட்டும் உரிமம் எனக்கு உண்டு. நான்காம் நாள் மாலைக்குள் நகரத்தைச் சேர வேண்டும், மறுநாள் அருங்காட்சியகத்துக்குச் சீட்டு எடுத்திருந்தேன். நடுவழியில் திடீரென்று புயல் வந்துவிட்டது. ஐந்து மணி நேரம். பிள்ளைகள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோனார்கள். எப்படியோ துறைமுகம் சேர்ந்தோம். பிறகு இரண்டு நாள் கோட்டை, மணிக்கூண்டு, அருங்காட்சியகம் என்று சுற்றினோம். அற்புதமான நகரம். ஆனால் மகன் போன இடத்திலெல்லாம் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. எல்லாப் படங்களிலும் கம்பியோடு நிற்கிறான். எரிச்சலில் திட்டிவிட்டேன். ரயிலிலேயே போயிருக்கலாம் என்கிறாள் மனைவி. இப்படிப்பட்ட பயணங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போவது சரியா?

க.

அன்புள்ள க.,

ரயிலா படகா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கோட்டையையும் மணிக்கூண்டையும் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

முதலில் உங்கள் மகன். அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவனுக்குத் தரை ஆடியிருக்கிறது. நாள்கணக்கில் படகில் இருந்தால் உடம்பு அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடும். கரையேறிய பிறகும் மூளை அதே ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கும். அசையாத தரை அசையும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். மூடிய அறையில், அடிவானம் தெரியாத இடத்தில் இது இன்னும் கூடும். அருங்காட்சியகம் அப்படிப்பட்ட இடம்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வார்த்தை இல்லை, கை மட்டும்தான் இருந்தது. அந்தக் கையைத்தான் திட்டியிருக்கிறீர்கள். இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “உனக்குத் தரை ஆடுச்சாடா?” என்று கேளுங்கள். மற்றதை அவன் சொல்வான்.

இனி என்னைத் தூங்கவிடாத சொல்லுக்கு வருகிறேன். ‘திடீரென்று.’

சில வாரங்களாக ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்ற மனிதரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டார்வினைச் சுமந்துபோன பீகிள் கப்பலின் கேப்டன் என்றால் பலருக்குத் தெரியும். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதப் பயணம், ஏறக்குறைய ஒரு நாள்தான் மிச்சம். ஹோலிஹெட் துறைமுகத்தைக் கடந்துதான் அது வந்தது. அன்று இரவு காற்று திசை மாறி, கப்பலைக் கரையை நோக்கித் தள்ளியது. இரண்டு நங்கூரம் போட்டார்கள், இரண்டு சங்கிலியும் அறுந்தன. வேல்ஸின் ஆங்கில்சி தீவின் பாறையில், கரை கண்ணெதிரே இருக்க, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது பிரிட்டிஷ் அரசின் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த ஃபிட்ஸ்ராய் அதைத் தலைவிதி என்று விடவில்லை. அந்தக் காற்று வந்த வழி பல ஊர்ப் பாரோமீட்டர்களில், அதாவது காற்றழுத்தத்தை அளக்கும் கருவிகளில், பதிவாகியிருந்தது. அதைத் தந்தியில் அனுப்பியிருந்தால் துறைமுகங்களில் எச்சரித்திருக்கலாம் என்று மன்றாடினார். 1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. கம்பத்தில் ஏற்றிய கூம்பையும் உருளையையும் பார்த்துப் படகுகள் கரையில் நின்றன. அவர் கணிப்பு தவறியபோது கேலி செய்தார்கள். 1865இல் அவர் இறந்தார், மறு ஆண்டே அந்த எச்சரிக்கையை நிறுத்தினார்கள். கடலோர மக்கள் விடவில்லை, 1867இல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

அந்த மனிதர் உயிரைக் கொடுத்து உழைத்தது இந்த ஒரு சொல்லை எடுத்துப்போடத்தான். நீங்கள் இன்று கையில் ஃபோனை வைத்துக்கொண்டு அதே சொல்லை எழுதுகிறீர்கள்.

இடிமேகத்துக் காற்று என்றால் ஒப்புக்கொள்வேன். அது அரைமணியில் வந்து புரட்டிவிட்டுப் போகும். அதுகூடக் கருத்த அடிவயிற்றைக் காட்டிவிட்டுத்தான் வரும். ஐந்து மணி நேரம் விடாமல் அடித்த காற்று அந்த ரகம் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வழுத்தத்தின் காற்று அது. முதல்நாளே மேலே மயிரிழை மேகம் வந்திருக்கும். காற்றே இல்லாதபோது நீளமாக, சோம்பலாக அலைவீக்கம் வந்திருக்கும். பாரோமீட்டர் இறங்கியிருக்கும். காற்றின் வேகம் மணிக்கு 10 கடல்மைலிலிருந்து 20 ஆனால் பாய்மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதனால்தான் பாயைச் சுருக்கலாமா என்று முதல்முறை தோன்றும்போதே சுருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் எப்போது சுருக்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் நானும் இப்படிக் கரையோரமாகப் போனேன். மறுநாள் மாலை ஒரு நகரத்தில் எனக்குக் கூட்டம். காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது. நண்பர் பாரோமீட்டரின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். இரவு 1009 காட்டிய முள் 1003க்கு வந்திருந்தது. துறைமுகப் பலகைக்குப் போய் வானிலைத் தாளைப் படித்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசாமல் படகைக் கட்டியிருந்த வடங்களை இரட்டையாக்கினார். நான் இரண்டு மணி நேரம் வாதாடினேன். கோழை என்றுகூடச் சொன்னேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதே பலகையின் முன்னால் அன்று காலை இன்னொரு குடும்பமும் நின்றது. தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாளைப் படித்தார். புறப்பட்டுப் போனார்கள். பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் மீட்புப் படகு அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. பாய்மரம் முறிந்து பக்கவாட்டில் தொங்கியது. மேல்தளத்தில் ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை. லைஃப் ஜாக்கெட்டின் பட்டை கழுத்தை அறுத்த இடம் சிவந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. அழவில்லை. யாரோ போர்வையைக் கொண்டுவந்தபோது அதை வாங்குவதற்குக்கூடக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தகப்பன் கரையில் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “திடீர்னு வந்துருச்சு, திடீர்னு வந்துருச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். தேதி ஒன்று தலைக்குள் உட்கார்ந்துவிட்டால் கண் படிப்பதை மனம் வாங்காது. நண்பர் தடுத்திராவிட்டால் என் கூட்டத்துக்காக நானும் போயிருப்பேன். உங்களுக்கு அந்தத் தேதி அருங்காட்சியகச் சீட்டு.

பிள்ளைகளை அழைத்துப்போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள், சீட்டு எடுக்காமல் போங்கள். திரும்பும் நாளை யாருக்கும் சொல்லாதீர்கள். மூன்று மணிக்கு ஒருமுறை பாரோமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை மகளிடம் கொடுங்கள். 13 வயது அதற்குப் போதும். வேண்டாம் என்று அவள் சொன்னால் அன்றைக்குப் படகை அவிழ்க்காதீர்கள்.

இன்னொன்று. நான்காம் நாள் காலை நீங்கள் புறப்பட்ட துறைமுகத்தின் பலகையில் என்ன எழுதியிருந்தது? கடிதத்தில் அது இல்லை. எனக்கு எழுதுங்கள்.