ஒன்பது முட்டைகள், ஒரு குஞ்சும் இல்லை

கேள்வி: ஒன்றரை ஆண்டுக்கு முன் கடையில் ‘ஜோடி’ என்று சொல்லி இரண்டு காக்டெயில் கிளிகளைக் கொடுத்தார்கள். ஒன்று சாம்பல் நிறம், மற்றது வெள்ளையும் மஞ்சளும். ஒன்றின் தலையை மற்றொன்று கோதிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். கூண்டில் வைத்த மண்பானையில் 10 நாட்களுக்குள் 9 முட்டைகள் இட்டன. கடைசி முட்டை இட்டு 30 நாட்களாகியும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இரண்டும் பானையை விட்டு நகர மறுக்கின்றன. தோளில் ஏறி விளையாடியவை இப்போது சீறிக் கடிக்கின்றன. தினையோடு அவித்த முட்டையும் கொடுக்கிறேன்; கூண்டு இருக்கும் ஹாலில் இரவு பதினொரு மணிவரை விளக்கு எரியும். “ராசியில்லாத ஜோடி, பிரித்துவிடு” என்கிறார் மாமியார். முட்டைகளை எடுக்கலாமா? பிரிக்கத்தான் வேண்டுமா?
– மதுரை வாசகி

பதில்: நாட்களைக் குறித்து வைத்திருந்தீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. காக்டெயில் பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். ஒரே பெட்டையாக இருந்தால் 10 நாட்களில் ஐந்துக்கு மேல் வந்திருக்க வழியில்லை. ஆகவே உங்கள் பானையில் முட்டையிட்டவை இரண்டு பெட்டைகள். பண்ணைக் கோழி சேவலைக் கண்ணால் பார்க்காமலேயே முட்டையிடுகிறதல்லவா, அதே கதைதான் இங்கும். கருக்கூடாத முட்டையை எத்தனை நாள் அடைகாத்தாலும் அது பொரிக்கப் போவதில்லை.

உறுதிசெய்துகொள்ள விரும்பினால் சாம்பல் நிறக் கிளியின் முகத்தைப் பாருங்கள். ஆணாக இருந்தால் முதல் சிறகுதிர்ப்பு முடிந்ததும் முகம் பளிச்சென்று மஞ்சளாகியிருக்கும். வாலின் அடிப்பக்கத்தில் இருந்த குறுக்குக் கோடுகளும் மறைந்திருக்கும். முகம் இன்னும் மங்கலாகவும், வாலடியில் கோடுகள் அப்படியேயும் இருந்தால் அது பெட்டை. வெள்ளைக் கிளியில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். வாலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பெட்டையில் மெல்லிய மஞ்சள் கோடுகள் தெரியும். ஆண் நீளமாகச் சீழ்க்கையடித்து, இறக்கைகளைத் தோளருகே தூக்கி, அலகால் கம்பியைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்யும். உங்கள் வீட்டில் அந்தக் கச்சேரி நடந்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் கோதிவிடுவதும் மேலே ஏறுவதும் என்ன என்று கேட்பீர்கள். பிணைப்பு வேறு, இனப்பெருக்கம் வேறு. கடைக்காரர் ‘ஜோடி’ என்றது ஒரே கூண்டில் இருந்த இரண்டு பறவைகளை. கிளிகளோ தம் ஜோடியைத் தாமே தேர்ந்துகொள்கின்றன, எதிர்பால் பறவை இல்லாத இடத்தில் தம் பாலிலேயே தேர்ந்துகொள்கின்றன. என்னிடமும் இப்படி இரண்டு பெட்டைகள் இருந்தன. சிறகுதிர்க்கும் நாட்களில் ஒன்று கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொள்ளும். மற்றது அதன் கன்னத்தில் முளைத்துவரும் குருத்துச் சிறகுகளின் உறையை அலகு நுனியால் ஒவ்வொன்றாக நசுக்கி உதிர்க்கும். உறை பட்டுப் பொடியாய்க் கொட்டும். கிளியின் அலகு தன் தலைக்கு எட்டாது. அந்த இடத்தை இன்னொரு பறவையின் அலகுக்கு முழுமையாக ஒப்படைக்கிறதென்றால் அது சாதாரண நம்பிக்கையில்லை. பிரிந்துபோன துணையைத் தேடிக் கத்திக்கொண்டிருப்பதும், தன் சிறகைத் தானே பிடுங்கிக்கொள்வதும் கிளிகளிடம் உண்டு. எனவே பிரிக்க வேண்டாம். மாமியாரிடம் இரண்டும் பெட்டை என்பதை மட்டும் சொல்லுங்கள், ராசியைப் பற்றிய பேச்சு தானாக நின்றுவிடும்.

இனி முட்டைகள். காக்டெயில் முட்டை பொரிக்க 18 முதல் 21 நாட்கள் போதும். உங்கள் கெடு எப்போதோ கடந்துவிட்டது. ஐயம் இருந்தால் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். வெறும் மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் அதில் கரு இல்லை. சிவப்பு நரம்புகள் ஓடினாலோ உள்ளே கருத்திருந்தாலோ ஒரு காலத்தில் கரு உண்டாகியிருக்கிறது என்று பொருள். விரிசல் விட்டதையும் நாற்றமடிப்பதையும் உடனே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை, பெட்டைகள் அலுத்துப்போய்ப் பானையை விட்டு வெளியே திரியத் தொடங்கும்வரை விட்டுவைப்பதே நல்லது. இட்டவுடன் முட்டைகளைப் பறித்தால் ‘கூடு காலி’ என்று எடுத்துக்கொண்டு பெட்டை மறுபடி முட்டையிடும். ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் உணவிலிருந்தும் எலும்பிலிருந்தும் போகிறது.

இவை ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள். அங்கே மழை பெய்து, புல்விதை விளைந்து, மரப்பொந்தும் கிடைத்தால் முட்டையிடும் காலம் வந்துவிட்டதாக உடம்பு தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டில் மண்பானை பொந்தாகிவிட்டது; கிண்ணம் நிறையத் தினையும் அவித்த முட்டையும் விளைச்சலாகிவிட்டன; இரவு பதினொரு மணிவரை ஹாலில் எரியும் விளக்கு நீண்ட பகலாகிவிட்டது. ஆகவே பெட்டைகள் அலுத்து வெளியே திரியத் தொடங்கியதும் முட்டைகளோடு பானையையும் அகற்றுங்கள். மாலையில் கூண்டைத் துணியால் மூடி, வெளிச்சத்தை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். அவித்த முட்டையையும் முளைகட்டிய பயறையும் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்து, கீரையும் காய்களும் கொடுங்கள். கூண்டை வேறு மூலைக்கு மாற்றுவதும் உதவும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். அதை எப்போதும் கம்பியில் கட்டி வையுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். முட்டையிடும் பருவத்தில் ஒரு பெட்டை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஏற்றி இறக்கி முக்கினால், முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது. வயிற்றை அமுக்குவது, எண்ணெய் விடுவது என்று வீட்டில் எதையும் முயலாமல் அன்றைக்கே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மறுநாள்வரை காத்திருந்தால் பறவை பிழைக்காமல் போகலாம்.

குஞ்சு ஆசையில் ஓர் ஆணை வாங்கி அதே கூண்டில் விடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள் என்றே சொல்வேன். பிணைந்துவிட்ட இரண்டும் சேர்ந்து அதைத் துரத்தலாம். அல்லது அது ஒன்றோடு சேர்ந்துகொள்ள, மற்றது தனித்துப் போகும்.

கடிப்பதைப் பொறுத்தவரை, அவை உங்களை வெறுக்கவில்லை, கூட்டைக் காக்கின்றன. பானையை அகற்றும்வரை அதன் அருகே கையை நீட்டாதீர்கள். வெளியே எடுக்க ஒரு குச்சியை நீட்டி அதில் ஏறச் செய்யுங்கள். பானை போன சில வாரங்களில் பழையபடி தோளுக்கு வரத் தொடங்கும். அப்போது கொஞ்சுகிறேன் என்று முதுகிலும் வாலடியிலும் தடவ வேண்டாம். அந்தத் தொடுகையை இணைசேரும் அழைப்பாகவே பெட்டை எடுத்துக்கொண்டு மறுபடி முட்டைக்குத் தயாராகும். தலையையும் கன்னத்தையும் மட்டும் வருடுங்கள்.