ஹியர், லிசன் இரண்டுமே ‘கேள்’ தானே, என்ன வித்தியாசம்?

தமிழில் ‘கேள்’ ஒன்றே பல வேலை செய்வதால் வரும் குழப்பம் இது. ‘ஹியர்’ என்றால் சத்தம் தானாகக் காதில் விழுவது. ‘லிசன்’ என்றால் நாமாகக் காது கொடுப்பது. போனில் குரல் விட்டுவிட்டு வரும்போது ‘கேன் யூ ஹியர் மீ?’ என்கிறோமே, அது ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்பதுதான். அங்கே ‘ஆர் யூ லிசனிங்?’ என்றால், ‘கவனிக்கிறாயா இல்லையா?’ என்று அதட்டியதுபோல ஆகிவிடும்.

அப்புறம், கூட வரும் சின்னச் சொல்லையும் பாருங்கள். ‘ஹியர் அபவுட்’ என்றால் கேள்விப்படுவது. ‘ஹியர் ஃப்ரம்’ அப்படியல்ல, ஒருவரிடமிருந்தே நமக்குத் தகவல் வருவது. இன்டர்வியூ முடித்தவர் ‘ஐ ஹேவன்ட் ஹெர்ட் ஃப்ரம் தெம்’ என்றால் இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம். கோர்ட்டில் ‘ஹியரிங்’ என்பது வழக்கு விசாரணை. இறந்தகாலம் ‘ஹெர்ட்’, ‘ஹியர்ட்’ என்று சொல்லிவிடாதீர்கள்.