வாசகர் கேள்விகள்: விண்கல விளையாட்டில் இயற்பியல் எதுவரை?

விண்கலம் ஓட்டும் கணினி விளையாட்டுகள் பற்றி செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

லீவுக்கு வந்திருக்கும் பேரன்கள் ரெண்டு பேரும் கம்ப்யூட்டரில் ராக்கெட் ஓட்டுகிறார்கள். ஒருவனுடையது எஞ்சினை அணைத்ததும் நின்றுவிடுகிறது. மற்றவனுடையது அணைத்த பிறகும் போய்க்கொண்டே இருக்கிறது. 'உன்னது பொய் ஆட்டம்' என்று தினமும் சண்டை. யார் பக்கம் நியாயம்?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

போய்க்கொண்டே இருப்பதுதான் இயற்பியல், ஆச்சி. துடைத்துப் பளபளக்கும் ஆத்தங்குடிக் கல் தரையில் எவர்சில்வர் தட்டைத் தள்ளிவிட்டால் வெகுதூரம் வழுக்கிப் போய்த்தான் நிற்கும். நிறுத்துவது உரசல். விண்வெளியில் அந்த உரசலும் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் கலத்தைத் திருப்பி, எதிர்ப்பக்கமாக எஞ்சினை எரித்தாக வேண்டும்.

அதற்காக நிற்கிற ஆட்டத்தைப் பொய் என்று தள்ளவும் முடியாது. 2014-இல் வந்த எலைட் டேஞ்சரஸில் 'ஃப்ளைட் அசிஸ்ட்' என்றொரு வசதி உண்டு. கைப்பிடியை விட்டதும் கலத்தின் கணினியே எதிர்ப்பக்கத்து த்ரஸ்டர்களை (சிறு உந்து எஞ்சின்களை) எரித்து நிறுத்திவிடும். அதை அணைத்தால் கலம் போன போக்கில் மிதக்கும். உண்மையான விண்கலங்களிலும் கலம் சுழலாமல் பிடித்து வைப்பது கணினிதான். ஈவ் ஆன்லைன் (2003) வேறு வகை. அங்கே கலங்கள் கெட்டியான திரவத்துக்குள் நீந்துவதுபோல் நடந்துகொள்ளும், உந்துதல் நின்றால் தாமே தேங்கிவிடும்.

பேரனின் கலம் நிற்கும்போது முன்பக்கத்தில் த்ரஸ்டர் பொறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கணினி நிறுத்துகிறது. தெரியாவிட்டால் இல்லாத உரசலை ஆட்டக்காரர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

சண்டை ஆட்டங்களில் வேக வரம்பு எதற்கு? வெற்றிடத்தில் அப்படி எதுவும் இல்லையே?
– கோட்டையூர் வாசகர்

இல்லைதான். ஆனால் வரம்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கலங்கள் எதிரெதிராக விநாடிக்கு 1 கி.மீ. வேகத்தில் வந்தால் நெருங்கும் வேகம் 2 கி.மீ. துப்பாக்கி எட்டும் தூரம் 3 கி.மீ. என்றால், எதிரி அந்தத் தூரத்துக்குள் வந்து உங்களைக் கடந்து போக 1.5 விநாடி. கண்ணால் பார்த்து விரலை அசைக்கவே கால் விநாடி போய்விடும். அதன்பிறகு இருவரும் திரும்பி, வேகத்தைக் கொன்று, மறுபடி நெருங்க நிமிடக்கணக்கில் ஆகும். 1993-இல் ஃப்ரான்டியர்: எலைட் 2 முழு நியூட்டன் விதிகளோடு வந்தபோது சண்டை இப்படித்தான் ஆனது. 2014-இல் வந்த அதன் வாரிசு எலைட் டேஞ்சரஸ் வேக வரம்போடு வந்தது.

இந்தச் சமரசத்துக்கு வயது அதிகம். 1962-இல் எம்ஐடியில் பிடிபி-1 கணினிக்கு எழுதப்பட்ட ஸ்பேஸ்வாரில் நடுவிலிருக்கும் விண்மீன் கலங்களை இழுக்கும், குண்டுகளை இழுக்காது. அத்தனை குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கணக்கிட அந்தக் கணினிக்கு நேரம் போதவில்லை. ஆட்டம் அதனால் கெடவில்லை. கலத்தின் மேல் இருக்கும் ஈர்ப்புதான் ஆடுபவரை முடிவெடுக்க வைக்கிறது, குண்டின் மேல் இருப்பது அந்த அளவுக்கு வைப்பதில்லை. எங்கள் கருத்தில் எந்த விதியைத் தளர்த்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

யூனிட்டியில் (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) சொந்தமாக ஒரு சுற்றுப்பாதை விளையாட்டு எழுதுகிறேன். மூன்று தொல்லைகள். கலம் சுற்றச் சுற்ற வெளியே விலகுகிறது. தூரம் போனால் கலத்தின் பாகங்கள் நடுங்குகின்றன. நேரத்தை 1000 மடங்கு ஓட்டினால் கலம் எங்கோ தெறித்துவிடுகிறது.
– பொறியியல் மாணவர், காரைக்குடி

தம்பி, மூன்றும் வெவ்வேறு நோய். மருந்தும் வேறு வேறு.

விலகல்: பழைய திசைவேகத்தை வைத்து முதலில் இடத்தை நகர்த்திவிட்டுப் பிறகு திசைவேகத்தை மாற்றுகிறீர்கள் என்று தெரிகிறது. இது சாதாரண ஆய்லர் முறை. வட்டத்தின் தொடுகோட்டில் எவ்வளவு சிறிய அடி வைத்தாலும் வட்டத்துக்கு வெளியேதான் போய் நிற்பீர்கள். ராக்கெட் கட்டி ஓட்டும் விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராமின் கெர்பின் கோளை எடுத்துக்கொள்வோம். ஆரம் 600 கி.மீ., 100 கி.மீ. உயரத்தில் சுற்றும் வேகம் விநாடிக்கு 2,246 மீட்டர். விநாடிக்கு ஒரு முறை கணக்கிட்டு அடி வைத்தால் முதல் அடியிலேயே 3.6 மீட்டர் வெளியே. வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஈர்ப்பு முடுக்கத்தால் திசைவேகத்தைத் திருத்துங்கள், பிறகு அந்தப் புதிய திசைவேகத்தால் இடத்தை நகர்த்துங்கள். இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும், ஆற்றல் ஏறிக்கொண்டே போவது நிற்கும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் லீப்ஃப்ராக் முறை: திசைவேகத்தில் அரை அடி, இடத்தில் முழு அடி, புதிய இடத்து முடுக்கத்தால் திசைவேகத்தில் மறுபடி அரை அடி.

நடுக்கம்: யூனிட்டி இடங்களை 32 பிட் ஃப்ளோட்டில் வைக்கிறது. அதில் 24 பிட்தான் எண்ணின் துல்லியத்துக்கு. மூலப்புள்ளியிலிருந்து 100 கி.மீ. தள்ளி அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர் இடைவெளி, 600 கி.மீ. தள்ளிப் போனால் 6.25 சென்டிமீட்டர். கோளின் மையத்தை மூலப்புள்ளியாக வைத்திருந்தால் உங்கள் கலத்தின் ஒவ்வொரு பாகமும் 6 சென்டிமீட்டர் படிகளில் தாவுகிறது. மூட்டுகள் அதை விசை என்று நினைத்து எதிர்க்கின்றன, கலம் உதறி உடைகிறது. உண்மை இடங்களை டபுளில் (64 பிட் எண்ணில்) வைத்துக் கணக்கிடுங்கள். கலம் மூலப்புள்ளியிலிருந்து சில கி.மீ. நகர்ந்ததும் கலத்தின் இடத்தை எல்லாப் பொருள்களிலிருந்தும் ஒரே ஃபிரேமில் கழித்து, கலத்தை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். புகைத் துகள்களையும் ஒலி மூலங்களையும் நகர்த்த மறக்க வேண்டாம். விட்டுப்போனால் எஞ்சின் புகை மட்டும் பின்னால் தங்கிவிடும்.

தெறிப்பு: 0.02 விநாடி அடியை 1000-ஆல் பெருக்கினால் 20 விநாடி. ஓர் அடிக்கு 45 கி.மீ. சாதாரண ஆய்லர் முறை அதைத் தாங்காது. எஞ்சின் அணைந்திருக்கும்போது அடியடியாக நகர்த்துவதையே நிறுத்திவிடுங்கள். சுற்றுப்பாதையின் ஆறு எண்களைச் சேமித்து, கெப்ளர் சமன்பாட்டை நியூட்டன் முறையில் தீர்த்தால் எந்த நேரத்துக்கும் இடம் நேரடியாகக் கிடைக்கும். வட்டத்துக்கு நெருக்கமான பாதைக்கு நாலைந்து முறை திரும்பக் கணக்கிட்டால் போதும். எஞ்சின் எரியும்போது 4 மடங்குக்கு மேல் நேர வேகத்தை அனுமதிக்காதீர்கள்.

நேரத்தை ஓட்டாமலும் இருக்க முடியாது. மங்கள்யான் 2013 டிசம்பர் 1-இல் பூமியை விட்டுக் கிளம்பி 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயை அடைந்தது. அந்த 298 நாட்களையும் 1,00,000 மடங்கு வேகத்தில் நாலேகால் நிமிடத்தில் கடக்கலாம். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் இது நடக்காது, ஒருவருக்கு மட்டும் நேரத்தை ஓட்ட வழியில்லை. ஒளியைத் தாண்டும் கற்பனை எஞ்சின் அங்கே அதனால்தான் வருகிறது. உங்கள் ஆட்டம் ஒருவர் ஆடுவதா, பலர் ஆடுவதா என்பதை முதல் வரி எழுதுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராமில் எனக்கு முன்னால் அதே பாதையில் ஒரு நிலையம் போகிறது. அதை நோக்கி எரித்தால் தூரம் கூடுகிறது. ஆட்டத்தில் கோளாறா?
– பிளஸ் டூ மாணவி, புதுவயல்

கோளாறு இல்லை. முன்னோக்கி எரித்தால் உங்கள் பாதை பெரிதாகிறது, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடுகிறது, நீங்கள் பின்தங்குகிறீர்கள். 1965 ஜூனில் ஜெமினி 4-இல் ஜேம்ஸ் மெக்டிவிட் தன் ராக்கெட்டின் கழன்ற பாகத்தை நோக்கி நேராக எரித்துப் பார்த்தார். நெருங்க முடியவில்லை, எரிபொருள் தீர்ந்துகொண்டே போனதால் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

இலக்கு முன்னால் இருந்தால் பின்னோக்கி எரியுங்கள். கெர்பினில் 100 கி.மீ. வட்டப் பாதையில் ஒரு சுற்று 1,958 விநாடி. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தைக் குறைத்தால் சுற்றுக்காலம் 26 விநாடி குறையும். ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வரும்போது சுமார் 58 கி.மீ. நெருங்கியிருப்பீர்கள். பாதையின் தாழ்ந்த புள்ளி 87 கி.மீ.க்கு இறங்கும். காற்று 70 கி.மீ.யோடு முடிவதால் ஆபத்தில்லை. தூரம் 29 கி.மீ. என்றால் 5 மீட்டர் குறைத்தால் போதும்.

2 கி.மீ.க்குள் வந்ததும் வேகக் காட்டியைச் சொடுக்கி 'டார்கெட்' நிலைக்கு மாற்றுங்கள். பின்னோக்குக் குறியைப் பிடித்து எரித்து ஒப்பு வேகத்தைச் சுழியமாக்குங்கள். அதற்குப் பிறகு இலக்கைப் பார்த்து நேராகப் போகலாம், இந்தக் குறுகிய தூரத்தில் சுற்றுப்பாதை வளைவு பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 200 மீட்டரில் விநாடிக்கு 2 மீட்டர், கடைசி 10 மீட்டரில் 0.3-க்கு மேல் வேண்டாம். நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் போவது அவமானமில்லை. 2025 ஜனவரி 16-இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்களும் 15 மீட்டரில் நின்று, 3 மீட்டருக்கு நகர்ந்து நின்று, பிறகுதான் இணைந்தன.

என் லேப்டாப்பில் கெர்பல் முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு ராக்கெட் ஆமை வேகம். புதிதாக வாங்க வேண்டுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் தளர்ந்தால் பெரும்பாலும் சூடுதான். சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. மெத்தையில் வைக்காதீர்கள். பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி, காற்றுத் துவாரத்துத் தூசியை எடுங்கள். ஃபிரேமை (விநாடிக்கு வரும் படங்களை) 30-க்குக் கட்டுங்கள். சித்திரை மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையை விட வளவுப் பக்கம் உட்கார்ந்து ஆடுவது மேல்.

தொடக்கத்திலிருந்தே மெதுவாக இருந்தால் பாகங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்த ஆட்டம் ஒவ்வொரு பாகத்தையும் மூட்டையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது, ஒரு கலத்தின் சுமை முழுவதும் பெரும்பாலும் ஒரே கோர் மேல் விழும். நாலு சிறு தொட்டிக்குப் பதில் ஒரு பெரிய தொட்டி வையுங்கள். திரையின் மூலையில் கடிகாரம் பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளானால் கணக்கு நேரத்துக்கு முடியவில்லை என்று பொருள்.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். எந்த விளையாட்டை நம்பி வகுப்பில் காட்டலாம்?
– ஆசிரியை, பள்ளத்தூர்

கெர்பல் முதல் பாகத்தைக் காட்டலாம், டீச்சர். அதில் விதி பெரும்பாலும் மாறவில்லை, அளவைத்தான் சுருக்கியிருக்கிறார்கள். அந்தச் சுருக்கமே நல்ல வீட்டுக்கணக்கு: ஆரம் 600 கி.மீ., மேற்பரப்பு ஈர்ப்பு 9.81. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அப்படியானால் கெர்பினின் அடர்த்தி பூமியைப் போல் 10.6 மடங்கு, கன சென்டிமீட்டருக்கு 58 கிராம். மிக அடர்ந்த உலோகமான ஆஸ்மியமே 22.6 தான். அப்படியொரு கோள் இருக்கவே முடியாது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பொய்க்குக் கிடைத்த பலன், சுற்றுப்பாதைக்கு விநாடிக்கு 3,400 மீட்டர் டெல்டா-வி (ராக்கெட்டால் செய்ய முடிந்த மொத்த வேக மாற்றம்) போதும். பூமியில் ஏறக்குறைய 9,400 வேண்டும்.

ராக்கெட் சமன்பாட்டுக்கு இந்த வண்டியைக் கட்டச் சொல்லுங்கள். மார்க்-1 கூண்டு, பாராசூட், வெப்பக் கவசம், பிரிப்பான் சேர்ந்து 1.28 டன். அதன் கீழே எஃப்எல்-டி400 தொட்டியும் டெரியர் எஞ்சினும்: நிறை 4.03 டன், எரிந்த பின் 2.03, தன் உந்தம் (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக எஞ்சின் பயன்படுத்துகிறது என்ற அளவு) 345 விநாடி, டெல்டா-வி விநாடிக்குச் சுமார் 2,320 மீட்டர். அதன் கீழே பிரிப்பான், எஃப்எல்-டி800, இன்னொரு டி400, ஸ்விவல் எஞ்சின்: மொத்தம் 12.32 டன், 6 டன் எரிபொருள். காற்றுக்குள்ளும் வெளியிலும் எரிவதால் தன் உந்தத்தை நடுவாக 290 என்று எடுத்தால் 1,900. இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 4,200 மீட்டர். கிளம்பும்போது உந்துவிசை எடையைப் போல் 1.39 மடங்கு. அடியில் நாலு இறக்கை வையுங்கள். விநாடிக்கு 80 மீட்டர் வேகம் வந்ததும் கிழக்கே 5 பாகை சாய்த்து, 10 கி.மீ. உயரத்தில் 45 பாகைக்குக் கொண்டுவாருங்கள். உச்சப்புள்ளி 80 கி.மீ. தொட்டதும் அணைத்துவிட்டு, அந்த உச்சிக்குப் போய் மறுபடி எரியுங்கள். பலர் நேர் செங்குத்தாக 70 கி.மீ. ஏறிவிட்டுப் பிறகு சாய்க்கிறார்கள். பக்கவாட்டு வேகம் இல்லாததால் அப்படியே கீழே விழுகிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இந்த ஆட்டம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுக்கும். அதனால் 2024 ஜனவரி 6 முதல் ஆதித்யா-எல்1 சுற்றிவரும் லாக்ராஞ்சுப் புள்ளி (சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் இடம்) இதில் கிடையாது. அதைக் காட்ட ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பயண மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்டது, இலவசம், 2021 முதல் மூலநிரலும் திறந்திருக்கிறது. உண்மை அளவு பூமி, பல கோள்களின் ஈர்ப்பும் சேர்ந்தே வேலை செய்யும். பழகுவது கடினம், இலக்கு கொடுத்துப் பாராட்டும் ஆட்டமும் அல்ல. முதல் நாளே பிள்ளைகள் கையில் கொடுக்காமல், கெர்பலில் ஒரு முறையாவது சுற்றுப்பாதை பிடித்தவர்களுக்குத் திறந்து காட்டுங்கள்.