ஊழலை ஒழிக்க வலிமையான ஒரே தலைவர் போதாதா? ஜனநாயகம் எதற்கு?

போதாது. ஒரு காலத்தில் நானும் போதும் என்றுதான் நம்பினேன். வாய்தா, மேல்முறையீடு, ஜாமீன் என்று ஊழல் வழக்குகள் வருஷக்கணக்கில் இழுபடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? என் எண்ணத்தை மாற்றியது மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா.

ஐ.நா. ஆதரவில் 2007இல் அங்கே ஒரு விசாரணை ஆணையம் வேலையைத் தொடங்கியது. அந்நாட்டு அரசு வழக்கறிஞர்களோடு சேர்ந்து 2015இல் சுங்கத்துறை ஊழலைத் தோண்டியெடுத்தது. மக்கள் வாராவாரம் தலைநகரின் சதுக்கத்தில் திரண்டார்கள். முதலில் துணை அதிபர், பிறகு அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினா, இருவரும் பதவி இழந்து சிறைக்குப் போனார்கள். அடுத்து வந்த ஜிம்மி மொராலெஸ், தான் ஊழல்வாதியும் அல்ல, திருடனும் அல்ல என்று முழங்கியே ஜெயித்தவர். அவருடைய தேர்தல் நிதியை ஆணையம் கிளறிய பிறகு ஆணையத் தலைவர் நாட்டுக்குள் நுழையத் தடை விழுந்தது. 2019இல் ஆணையத்தையே மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. ஊழல் தடுப்புப் பிரிவின் தலைமை வழக்கறிஞரை 2021இல் பதவிநீக்கினார்கள். சில மணி நேரத்தில் அவர் நாட்டைவிட்டே தப்ப வேண்டியிருந்தது. நீதிபதிகளும் வெளிநாடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். ஊழல்களை அம்பலப்படுத்திவந்த பத்திரிகையாளர் ஹோசே ரூபென் சமோராவை 2022இல் கைது செய்தார்கள், அதுவும் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியதாகச் சொல்லி! அவருடைய நாளிதழ் மறு ஆண்டே நின்றுபோனது. ஊழலைப் பிடிக்க வைத்திருந்த சட்டத்தாலேயே ஊழலைப் பிடித்தவர்களைப் பிடித்தார்கள்.

அதனால் இப்போதெல்லாம் எந்த நாட்டில் ஊழல் ஒழிப்பு என்று முழங்கினாலும், எத்தனை பேர் கைதானார்கள் என்று நான் எண்ணுவதில்லை. ஆள்பவரின் சொந்த ஆட்கள்மேல் கை வைத்த அதிகாரி அடுத்த வருஷமும் அதே நாற்காலியில் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன். மலேசியாவில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் பற்றிய விசாரணை பிரதமர் நஜிப்பை நெருங்கிய 2015இல் அரசுத் தலைமை வழக்கறிஞரையே மாற்றினார்கள். 2018இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றிய பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 2020இல் நஜிப்புக்கு 12 ஆண்டு தண்டனை விதித்தார்கள். தேர்தல் என்ற ஒன்று அங்கே மிச்சம் இருந்ததே, அதுதான் காரணம்.

குவாத்தமாலாவிலும் மிச்சம் இருந்தது. ஊழல் எதிர்ப்பை முன்வைத்த பெர்னார்டோ அரெவாலோ 2023இல் வென்றார். அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவர் கட்சியையே முடக்கப் பார்த்தது. பூர்வகுடி மக்கள் அந்த அலுவலக வாசலில் 100 நாட்களுக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். 2024 ஜனவரியில், நள்ளிரவு தாண்டி, அவர் பதவியேற்கும்வரை எழுந்திருக்கவில்லை.