அப்பாவுக்கு நாளுக்கொரு தொந்தரவு

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. மார்ஃபின் மாத்திரை கொடுக்கிறோம். போன வாரம் மலச்சிக்கல். இப்போது தண்ணீராகக் கசிகிறது. ராத்திரியில் எழுந்து, "மடையைத் திறக்கணும், மம்பட்டி எங்கே?" என்கிறார். சாப்பாடும் இறங்கவில்லை. சொந்தக்காரர்கள், "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க" என்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது?
— ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: மலத்தை. சிக்கலுக்குப் பிறகு தண்ணீராகக் கசிந்தால் பெரும்பாலும் அது வயிற்றுப்போக்கு அல்ல. ஆசனவாய்க்கு மேலே இறுகிய மலம் அடைத்து நிற்க, அதன் ஓரமாக நீர் வழிகிறது. பேதி மாத்திரையை நிறுத்துவதும், போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுப்பதும் அடைப்பை மோசமாக்கும். நர்ஸை வரவழைத்து விரலால் பார்க்கச் சொல்லுங்கள், எனிமா தேவைப்படலாம். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குவதால், மார்ஃபின் ஓடும்வரை பேதி மாத்திரையும் தினமும் ஓட வேண்டும். வாழைப்பழமும் கீரையும் போதாது. இசப்கோல் வேண்டாம்; தண்ணீர் குடிக்காதவருக்கு அது உள்ளேயே இறுகும். ஆனால் வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ராத்திரிக் குழப்பத்துக்கும் இந்த மலக்கட்டே காரணமாக இருக்கலாம். சிறுநீர் தேங்குவதும் இன்னொரு காரணம்: தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் விம்மியிருக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும். டியூப் போட்டதும் சிலர் அமைதியாகிவிடுவார்கள். காய்ச்சல், கிருமித் தொற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது மார்ஃபின். அதன் கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்தால் அது உடம்பில் சேரும். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், அரைத்தூக்கமாக இருப்பார், இல்லாததைப் பார்ப்பார். டாக்டர் அளவைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் வலி பன்மடங்காகத் திரும்பும். எழுப்பினாலும் எழாமல், நிமிடத்துக்கு 8 தடவைக்கும் குறைவாக மூச்சு விட்டால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே பேசுங்கள்.

அவரோடு வாதாட வேண்டாம். "மடையை நாங்க பாத்துக்கிறோம்ப்பா, படுங்க" என்றால் போதும். மங்கலான விளக்கு எரியட்டும், பழகிய ஒருவரே பக்கத்தில் இருக்கட்டும். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுத்தால் குழப்பம் கூடலாம்.

குளுக்கோஸ்? இந்த நிலையில் உடம்பு சோற்றையும் நீரையும் பயன்படுத்தும் சக்தியை இழக்கிறது. ஏற்றும் தண்ணீர் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் சளியாகவும் நிற்கலாம். விழித்திருக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, கேட்டால் இரண்டு கரண்டி இளநீரோ கஞ்சியோ கொடுங்கள், இருமினால் நிறுத்துங்கள். வாய் வறட்சிதான் பெரிய துன்பம். 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் உப்பு, சமையல் சோடா தலா 1 தேக்கரண்டி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து அடிக்கடி வாயைத் துடையுங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து உண்டு.

ஒரு நோட்டுப் போடுங்கள்: நேரம், வலி (0 முதல் 10), கொடுத்த மருந்து, 1 மணி நேரம் கழித்து எப்படி, மலம், சிறுநீர். இடையில் வலித்தால் கொடுக்கும் கூடுதல் வேளை எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். நாளுக்கு 3 தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் வழக்கமான அளவு போதவில்லை. போனில், "அப்பாவுக்கு முடியல" என்பதைவிட இந்த நோட்டு டாக்டருக்குப் பத்து மடங்கு உதவும். மாற்றத்தின் வேகமும் அதில் தெரியும்: வாரத்துக்கு வாரம் மாறினால் கையில் வாரங்கள், நாளுக்கு நாள் மாறினால் நாட்கள் என்பது தோராயக் கணக்கு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த் தணிப்புச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கேள்வி: அம்மா கண் திறக்கவில்லை. தொண்டையில் கரகர சத்தம். பெரியவர்கள் பால் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். பாலையோ காவிரித் தண்ணீரையோ பஞ்சில் தொட்டு உதட்டில் தடவலாம், சடங்கும் நிறைவேறும். கரகரப்பு, விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில். நமக்குத்தான் கேட்கச் சகிக்கவில்லை. நினைவில்லாத அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் வாய் வழியாக வழிந்துவிடும். பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை இனி நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வலி மருந்தை மட்டும் விடக்கூடாது. விழுங்க முடியாவிட்டால் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம்.