பி.எஸ்சி. கணிதம்: மூன்று வருடமும் கணக்கு மட்டும்தானா?

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். பொண்ணு ப்ளஸ் டூ கணக்கில் நல்ல மார்க், சேலத்தில் பி.எஸ்சி. மேத்ஸ்தான் சேருவேன் என்கிறாள், என்னென்ன பேப்பர் முடிக்க வேண்டும், கணக்கு மட்டும்தானா, அவளால் முடியுமா என்று. நானும் சேலத்தில் மேத்ஸ் படித்தவன்தான், இப்போது பி.எஸ்சி. பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு மட்டும் இல்லை. நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, மொத்தம் ஆறு செமஸ்டர், 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், இரண்டும் முதல் நாலு செமஸ்டர் வரை கூடவே வரும். பகுதி மூன்றுதான் மேஜர், அதாவது கணக்கு. அதோடு அலைடு, அதாவது துணைப் பாடம் என்று இயற்பியலோ புள்ளியியலோ இருக்கும், இயற்பியல் என்றால் பிராக்டிகலும் உண்டு. மிச்சம் சுற்றுச்சூழல் கல்வி, வேறு துறைப் பாடம் ஒன்று, என்.எஸ்.எஸ். மாதிரி விஷயங்கள், அதெல்லாம் தானாக ஓடிவிடும். எம்.எஸ்சி. சேரும்போது பகுதி மூன்று மார்க்கைத்தான் பார்ப்பார்கள், ஆனால் தமிழில் ஒரு அரியர் இருந்தாலும் டிகிரி கைக்கு வராது. பேப்பருக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் பரீட்சை 75. பாஸாக மொத்தம் 40 வேண்டும், அதில் செமஸ்டர் பரீட்சையில் மட்டும் 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் முழு மார்க் வாங்கிவிட்டு பரீட்சையில் 28 எடுத்தால் அரியர்தான், இது தெரியாமலே முதல் செமஸ்டர் எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர்.

சரி, மேஜருக்கு வருவோம். முதல் வருடம் இயற்கணிதம், திரிகோணமிதி, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், பகுமுறை வடிவியல். இரண்டாம் வருடம் வெக்டர் கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், இந்த மாதிரி. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பொண்ணுக்கு இது வரைக்கும் பெரிய கஷ்டம் இருக்காது, தினமும் நோட்டில் போட்டுப் பார்த்தால் போதும். மூன்றாம் வருடம் ஆள் வேறு. அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், அப்புறம் லீனியர் அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ். இங்கே விடை என்ன என்று கேட்க மாட்டார்கள், ஏன் என்று கேட்பார்கள். இரண்டு வருடம் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளைகள் ஐந்தாவது செமஸ்டரில் திகைத்து நிற்பதை வருடா வருடம் பார்க்கிறேன், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமான விஷயம், ஏனென்றால் புத்தி இல்லாமல் இல்லை, யாரும் முன்னாடியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அது என்ன மாதிரி கேள்வி என்று ஒன்று காட்டுகிறேன். சேலத்திலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு பஸ் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒன்பதரைக்கு ஏற்காடு போகிறது. மறுநாள் அதே எட்டு மணிக்கு ஏற்காட்டில் கிளம்பி, அதே ரோட்டில் இறங்கி, ஒன்பதரைக்குச் சேலம். இரண்டு நாளும் சரியாக ஒரே நேரத்தில் பஸ் கடந்த ஒரு இடம் அந்த ரோட்டில் கட்டாயம் இருக்குமா? இருக்கும். எந்த வளைவில் லாரிக்கு வழிவிட்டது, எங்கே டீ குடிக்க நின்றது, ஒன்றும் தெரிய வேண்டாம். முதல் நாள் பஸ் சேலத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதிலிருந்து, மறுநாள் அதே நிமிஷத்தில் இருந்த தூரத்தைக் கழியுங்கள். எட்டு மணிக்கு மைனஸ், ஒன்பதரைக்கு பிளஸ், பஸ் நடுவில் தாவாது, அதனால் எங்கேயோ பூஜ்யம் வந்தே தீரும்.

இது வரைக்கும் உங்கள் பொண்ணே சொல்லிவிடுவாள். அடுத்த கேள்விதான் மூன்றாம் வருடம்: மைனஸிலிருந்து பிளஸுக்குத் தாவாமல் போனால் பூஜ்யம் வந்தே தீரும் என்பதற்கு என்ன ஆதாரம்? பின்னங்களை மட்டும் வைத்துக்கொண்டால் அது பொய். ஒரு எண்ணை வர்க்கம் பண்ணி 2 கழியுங்கள்; 1 போட்டால் மைனஸ் 1, 2 போட்டால் பிளஸ் 2, நடுவில் பூஜ்யம் தருகிற பின்னம் ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் ரூட் 2 பின்னமே இல்லை. மெய்யெண்களில் அப்படி ஓட்டை இல்லை. காலியாக இல்லாத, மேல் எல்லை உள்ள எந்தக் கணத்துக்கும் மீச்சிறு மேல் எல்லை, அதாவது மேல் எல்லைகளிலேயே சின்னது, ஒன்று மெய்யெண்களுக்குள்ளேயே இருக்கும் என்ற விதி அந்த ஓட்டையை அடைக்கிறது, ரியல் அனாலிசிஸில் முக்கால்வாசி இதன் மேல்தான் நிற்கிறது.

இந்த நிரூபணங்களை மனப்பாடம் பண்ணி எழுதியும் பாஸ் பண்ணலாம், நிறையப் பேர் அப்படித்தான் பண்ணுகிறார்கள். வேண்டாம், தயவு செய்து அவளை அந்தப் பழக்கத்துக்கு விடாதீர்கள். ரூட் 2 பின்னம் இல்லை என்ற நிரூபணத்தை என்னிடம் வருகிற எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதையே ரூட் 4-க்கு எழுது, ரூட் 4 வெறும் 2 தானே, அப்படியானால் நிரூபணம் எந்த வரியில் உடைகிறது என்று கேட்பேன். ஒரு எண்ணின் வர்க்கம் இரண்டால் வகுபட்டால் அந்த எண்ணும் வகுபடும், நாலுக்கு அது செல்லாது: 36 நாலால் வகுபடும், 6 வகுபடாது. உடைகிற வரி அதுதான். அவளால் முடியுமா என்று கேட்டீர்கள் அல்லவா, அட்மிஷனுக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். உடனே விடை வராவிட்டால் பரவாயில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்திலும் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தாராளமாகச் சேருங்கள், கணிதம் அவளுக்கான படிப்புதான்.

மேலே படிக்கிற ஆசை இருந்தால் இன்னொன்று. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற தேர்வு பிப்ரவரியில் வரும். ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குலங்கள் (குரூப் தியரி), வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் கேட்பார்கள். நம் பாடத்திட்டத்தில் லீனியர் அல்ஜீப்ரா வருவதோ ஆறாவது செமஸ்டரில், அதாவது கல்லூரியில் பாதி நடத்தும்போதே தேர்வு வந்து நிற்கும். கல்லூரியை நம்பிக் காத்திருக்க முடியாது, இரண்டாம் வருடத்திலேயே தானாகப் படிக்க ஆரம்பிக்க வேண்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் வகுப்புகள் இலவசம். எம்.டி.டி.எஸ். என்று கோடைப் பயிற்சி ஒன்று 1993-லிருந்து நடக்கிறது, இரண்டாம் வருடத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிரூபணம் எழுதப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அரசு வேலைதான் குறி என்றால் விண்ணப்பம் போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். கம்ப்யூட்டர் அப்ளிகேஷனோடு சேர்ந்த மேத்ஸ் என்றால், அதைச் சாதாரண பி.எஸ்சி. கணிதத்துக்குச் சமம் என்று சொல்லும் ஜி.ஓ. (அரசாணை) இருக்கிறதா என்று கல்லூரியிலேயே கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பொண்ணு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியிலேயே படித்தவள் என்றால், தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு டிகிரியும் தமிழ் வழியில் முடித்தால்தான் டிகிரி கேட்கும் வேலைகளுக்குக் கிடைக்கும். அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ் வழிப் பிரிவு உண்டா என்று விசாரித்து, உண்டென்றால் விண்ணப்பத்தில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.